விலைப்படாத சேலைகள்

மச்சாள் கனடாவிலிருந்து வந்து இறங்கிய அன்றே என் சேலையைத் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கினாள். நான் பள்ளிக்கூடம் முடிந்து, படகால் இறங்கி, வெயிலுக்குள்ளே ஸ்கூட்டியில் வந்து கேற்றைத் திறந்துகொண்டிருந்தேன். விறாந்தையிலிருந்து ஓடி வந்தவள் சுகம் விசாரிக்க முதலே என் சேலைத் தலைப்பை இரண்டு விரலால் உரசி, இது கைத்தறியெல்லே என்று கேட்டாள். ஓம் என்றேன். ஒவ்வொரு நாளும் இதையா உடுத்துப் போகிறீர் என்று கேட்டாள். அதற்கும் ஓம் என்றேன். அப்போதுதான் கண் கலங்கியது. ஒரு துணியைப் பார்த்து அழக்கூடிய மனுசியோடு ஒரு மாதம் ஒரே வீட்டில் இருக்க வேண்டுமே என்று எனக்கு அந்த இடத்திலேயே அலுத்துப் போனது.

அவள் என் அப்பாவின் தங்கை மகள். சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு போனவள். அங்கே வங்கியொன்றில் நல்ல வேலை. ஓய்வான நேரத்தில் தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்து ஓர் அமைப்பு நடத்துகிறாள். அவர்கள் கைத்தறிச் சேலை உடுத்திக்கொண்டு ஒன்றுகூடுவார்கள். சேலையின் பெருமையை ஆளுக்காள் எடுத்துச் சொல்வார்கள். பிறகு படமெடுத்து உலகம் முழுக்க அனுப்புவார்கள். எனக்கும் வரும். பனிக்குள் முழங்கால் உயரச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு சிரித்தபடி நிற்பார்கள். வேலைக்கும் இப்படித்தான் போவீர்களோ என்று ஒருமுறை எழுதிக் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். வீடு ஊர்காவற்றுறையில், பள்ளிக்கூடம் அனலைதீவில். காலையில் படகு, பின்னேரம் படகு. காற்றுக் காலத்தில் கடல் எழும்பி மடியில் வந்து விழும். நான் கைத்தறி உடுப்பதற்குக் காரணம் அந்தப் படகுதான். நைலோன் வகைச் சேலை காற்றுக்குத் தலைக்கு மேலே போகும். பட்டு வழுக்கும், உப்புத் தண்ணீர் பட்டால் பாழாகும். தடித்த பருத்திச் சேலை வைத்த இடத்தில் நிற்கும். நனைந்தாலும் இரண்டாம் பாடத்துக்குள் காய்ந்துவிடும். கடும் நிறமாக எடுத்தால் எஞ்சின் எண்ணெய்க் கறை தெரியாது. கைத்தறிச் சங்கக் கடையில் விலை குறைத்துக் கழிவு விலைக்குப் போடும்போது ஒரே மாதிரியாக வாங்கி வைத்துக்கொள்வேன். இதற்கு மேல் என் சேலையில் ஒன்றும் இல்லை.

சேலையே இல்லாமல் வேறு வசதியான உடுப்பில் பள்ளிக்கூடத்துக்கு வரலாமென்றால் அதையும் ஒரே நாளில் தூக்கிப் போட்டிருப்பேன். அப்படி ஒரு பேச்சு இடையில் எழும்பியபோது, எங்கள் பண்பாடு என்னாவது என்று முதலில் கொதித்தவர்கள் எங்கள் ஆண் ஆசிரியர்கள். அவர்கள் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு படகிலிருந்து இறங்குபாலத்துக்கு ஒரே தாவாகத் தாவுகிறவர்கள். நாங்கள் ஒரு கையால் சேலை முன்மடிப்புக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் யாருடைய தோளையாவது பற்றி ஏறும்வரை அவர்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பண்பாட்டைப் பாதுகாக்கும் அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பண்பாடு என்ற சொல்லிலேயே ஒரு வெறுப்பு விழுந்துவிட்டது.

மச்சாள் வந்ததோ அந்தச் சொல்லைப் பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு. தீவுப் பகுதிப் பெண்களும் கைத்தறியும் என்று ஒரு படக் கண்காட்சி வைப்பது அவளுடைய திட்டம். எங்கள் ஊர் மண்டபத்தில் முதலில் வைப்பது, பிறகு கனடாவுக்குக் கொண்டுபோவது. கூடவே படமெடுக்க ஒரு பெடியனையும் கொழும்பிலிருந்து கூட்டி வந்திருந்தாள். இரண்டு பெரிய பெட்டிகள் நிறையச் சேலை. எல்லாம் கொழும்பிலே வெள்ளைக்காரர் வாங்கும் கடையொன்றில் எடுத்தவை. சாம்பல், களிமண், காய்ந்த இலை என்று நிறங்கள். எங்கள் ஊரில் செத்த வீட்டுக்குக்கூட அப்படி வெளிறிய சேலை உடுத்துப் போகமாட்டார்கள். பெட்டியைத் திறந்து காட்டியபோது அவள் போட்டிருந்தது காற்சட்டையும் கையில்லாத மேற்சட்டையும். இந்த வெக்கைக்குச் சேலை ஏலாது மச்சாள் என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு அதிலே சிரிக்க என்ன இருக்கிறது என்றுகூட அவளுக்கு விளங்கவில்லை.

முதல் படம் அனலைதீவில் ஒரு புகையிலைத் தோட்டத்தில் எடுத்தார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். போகமாட்டேன் என்று நின்றேன், அப்பாவின் பக்கத்துச் சனம், மனம் நோகும் என்று அம்மாதான் விரட்டினார். தோட்டக்காரப் பெண் என்னிடம் படிக்கும் பிள்ளையின் தாய். புருசன் செத்த பிறகு தோட்டத்தைத் தனியே பார்க்கிறவள். நாங்கள் போகும்போது அவள் பாவாடைக்கு மேலே புருசனுடைய நீளக்கைச் சேட்டைப் போட்டு, தலையில் துவாய் கட்டிக்கொண்டு நின்றாள். புகையிலைத் தோட்டத்தில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். புகையிலைப் பால் கையில் பட்டால் பிசின் மாதிரி ஒட்டும், வெயில் தோலை உரிக்கும். மச்சாள் அவளைப் பார்த்ததும் இந்தச் சேட்டைக் கழற்றச் சொல்லும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நான் சொல்லவில்லை. அவளே போய்ச் சொன்னாள்.

அந்தப் பெண் மறுத்துப் பேசவில்லை. கிணற்றடித் தட்டிக்குப் பின்னால் போய், மச்சாள் கொடுத்த கையில்லாத சட்டையையும் களிமண் நிறச் சேலையையும் உடுத்துக்கொண்டு வந்தாள். செருப்பையும் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். புகையிலைக் கன்றுகளுக்கு நடுவில் தூரத்தைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாள். கையில்லாத சட்டை, கொதிக்கும் மண், வெறுங்கால். பெடியன் வெளிச்சம் சரியில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தான். எல்லாம் முடிந்து அவள் தன் சேட்டை மாட்டும்போது நான் கிட்டப் போய், வேலையைக் கெடுத்துப்போட்டம், குறை நினையாதையும் என்றேன்.

“பரவாயில்லை ரீச்சர். உடுத்திக்கொண்டு வேலையும் செய் எண்டு கேக்கேல்லைத்தானே,” என்றாள்.

திரும்பி வரும் படகில் என் முறை. வழக்கமாக உடுக்கும் நாவல் நிறச் சேலையோடு முன்பக்க அணியத்தில் நிற்க வைத்தார்கள். தலைப்பில் குத்தியிருந்த பின்னைக் கழற்றினால் அழகாகப் பறக்கும் என்றாள். கழற்றினால் நான் கடலுக்குள் கிடப்பேன் என்றேன். அப்படியே எடுத்தார்கள். பிறகு இந்தச் சேலையின் கதையைச் சொல்லும் என்று கைத்தொலைபேசியை என் வாயடியில் நீட்டினாள். கழிவு விலைக்கு எடுத்தது, கறை தெரியாது, உப்புத் தண்ணீர் பட்டாலும் கெதியாய்க் காயும் என்றேன். இன்னும் ஏதோ வரும் என்று அவள் நெடுநேரம் காத்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. என்னிடம் கதை இல்லை, அம்மாவைக் கேளும், அவவிடம் நிறைய இருக்கு என்றேன். மச்சாளின் முகம் மலர்ந்தது. எனக்கும் உள்ளுக்குள் மலர்ந்தது. ஏனென்றால் அம்மாவிடம் இருந்த கதை என்னவென்று எனக்குத் தெரியும்.

அப்பாவுக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் புடவைக்கடை. தீவார் பலரைப் போலக் கடையோடு கிடந்து, வருடப் பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் வீட்டுக்கு வந்து போவார். அம்மா கல்யாணம் முடித்த காலம், நாட்டில் இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலம். வெளிநாட்டுத் துணி கண்ணில் காண இல்லை. பெண்கள் எல்லோரும் உள்ளூர்க் கைத்தறியைத்தான் உடுத்தார்கள், வேறொன்றும் கிடைக்காததால் உடுத்தார்கள். தோய்த்தால் சாயம் போகும், ஈரத்தில் பாரம், காய்ந்தால் சாக்கு என்று அம்மா சொல்லுவார். அந்தக் காலத்துப் பெண்களின் ஆசையெல்லாம் நைலெக்ஸ் சேலை. பூப் போட்டது, முழுச் சேலையும் ஒரு கைக்குள் அடங்கும். இந்தியாவிலிருந்து கள்ளமாக வள்ளத்தில் வரும். எங்கள் கரையில் இறங்கிய நைலெக்ஸ் லொறியேறித் தெற்கே அப்பாவின் கடைக்குப் போய், மேசைக்குக் கீழேயிருந்து அங்குள்ள பெரிய வீட்டுப் பெண்களுக்கு விலைப்படும். அப்பா வீட்டுக்கு வரும்போது அம்மாவுக்குக் கொண்டு வருவது கடையில் விலைப்படாமல் கிடந்த கைத்தறி. மடிப்பு வெளிறியிருக்கும். வருடப் பிறப்பென்றால் அதுதான், திருவிழாவென்றால் அதுதான்.

அம்மா இதை மன்னிக்கவே இல்லை. பிறகு கலவரத்தில் கடை எரிந்து அப்பா வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தபோதும் சொல்லிக்காட்டினார். அவர் வருத்தம் வந்து படுக்கையில் கிடந்தபோதும் சொல்லிக்காட்டினார். தம்பி பிரான்சுக்குப் போய் உழைக்கத் தொடங்கியதும் அம்மா கேட்ட முதல் சாமான் மினுங்குகிற சேலை. இன்றைக்கு அலுமாரியைத் திறந்தால் கண் கூசும். அவ்வளவும் கல்லும் சரிகையும் பூவும். கைத்தறி என்ற சொல்லைக் கேட்டாலே உதட்டைப் பிதுக்குகிற மனுசி. மச்சாளை அம்மாவுக்கு முன்னால் இருத்திவிட்டு, ஒரு நல்ல தேத்தண்ணியோடு பக்கத்துக் கதிரையில் நானும் இருந்தேன். பாரம்பரியத்துக்கு விழப்போகும் அடியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

மச்சாள் காலடியில் பாய் போட்டுக் குந்தினாள். கைத்தொலைபேசியை இயக்கிவிட்டு, மாமி, உங்கட கைத்தறிச் சீலைகளைப் பற்றிச் சொல்லுங்கோ என்றாள். அம்மா முற்றத்தைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார்.

“உங்கட மாமா ஒவ்வொரு முறையும் எனக்கெண்டு ஒரு சீலை தெரிஞ்சு வைச்சிருப்பார். கடைக்கு எத்தினை பொம்பிளையள் வந்து கேட்டாலும் அதை எடுத்துக் காட்டமாட்டார். இது என்ர வீட்டுக்காரிக்கு எண்டு சொல்லிப்போடுவாராம்.”

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா நிறுத்தவில்லை. எந்த நிறம் தனக்குப் பொருந்தும் என்று அப்பாவுக்கு மட்டும் தெரியுமாம். பேருந்தில் சேலைப் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாராம். தன்னுடைய தாயார்கூடத் தறியில் இருந்து நெய்திருக்கிறாராம். அம்மம்மா தறியைக் கண்டதே இல்லை. அவர் பனை ஓலையில் கடகம் இழைத்தவர். மச்சாள் வடிவாக அழுதாள். நைலெக்ஸ் கதையையும் சொல்லுங்கோ அம்மா என்று நான் இடையில் புகுந்தேன். அம்மா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், நீ பேசாமல் இரு என்றார்.

மச்சாள் குளிக்கப் போன பிறகு குசினிக்குள் வைத்து அம்மாவைப் பிடித்தேன். என்ன புளுகு இது என்று கேட்டேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“அவ்வளவு தூரத்திலயிருந்து வந்து கேக்கிறாள். விலைப்படாததைத்தான் எனக்குத் தந்தவர் எண்டு சொல்லவே?” என்றார். மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அப்பாவைப் பற்றித் தானாகவே சொன்னார்: “கொப்பர் என்னை நினைச்சுக்கொண்டு வாங்கினவர் எண்டு ஒருக்காச் சொல்லிப் பாத்தனான். சொல்லேக்க நல்லாத்தான் இருந்தது.”

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என்னுடைய ஒரேயொரு சாட்சி எதிர்க் கட்சிக்குப் போய்விட்டது. அந்த ஆத்திரத்தையும் மச்சாளின் கணக்கிலேயே எழுதினேன். ஒரு மனுசியை அவளுடைய சொந்தக் கோபத்திலிருந்தே கழற்றி எடுத்துவிட்டாளே என்று நினைத்தேன். தோட்டக்காரியின் சேட்டைக் கழற்றியதும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டது.

கண்காட்சிக்கு அம்மாவை விளக்கேற்ற அழைத்தார்கள். அதற்கென்று சாம்பல் நிறச் சேலையொன்றை மச்சாள் முதல் நாளே அம்மாவின் கட்டிலில் மடித்து வைத்திருந்தாள். அவள் விடியவே மண்டபத்துக்குப் போய்விட்டதால் அம்மா உடுத்ததை அவள் பார்க்கவில்லை. ஓட்டோவில் நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி அனுப்பியதிலேயே மிகவும் மினுங்குகிற கத்தரிப்பூ நிறச் சேலை, உடம்பெல்லாம் கல். வெயில் பட்டு மண்டபச் சுவரில் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. மச்சாள் ஓடி வந்து, மாமி, நான் வைச்ச சீலை என்று இழுத்தாள்.

“அது வீட்டில நிண்டு உடுக்கிறது பிள்ளை. விசேசத்துக்கு உப்பிடியே வாறது?” என்றார் அம்மா.

எனக்கு அந்த ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. ஆனால் மச்சாள் இலேசுப்பட்டவள் அல்ல. மேடையில் தொங்கவிட்டிருந்த ஒரு கைத்தறியை எடுத்து வந்து, பொன்னாடை போர்த்துவது போல அம்மாவின் தோளிலிருந்து கால்வரை சுற்றிவிட்டாள். சனம் கைதட்டியது. அம்மா இரண்டு சேலைக்குள்ளும் வேர்த்து ஒழுக ஒழுக விளக்கேற்றினார். சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரியொருவர் சேலை எங்கள் பெண்களின் அடையாளம் என்று அரை மணித்தியாலம் முழங்கினார். அவர் வெள்ளைச் சேட்டும் கறுத்தக் காற்சட்டையும் போட்டிருந்தார். பேசி முடித்ததும் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு படத்தையும் பார்க்காமல் வாகனத்தில் ஏறினார்.

நான் போய்ப் பார்த்தேன். தோட்டக்காரியின் படத்தின் கீழே, மண்ணின் நிறத்தை உடுத்தியவள் என்று எழுதியிருந்தது. அவள் அந்தப் பக்கமே வரவில்லை, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பு நாள். என் படத்தின் கீழே, என் தாயின் மூச்சை நான் கட்டியிருக்கிறேன் என்று எழுதியிருந்தது. நேரே மச்சாளிடம் போய், இதை நான் சொல்லவில்லை, எடும் என்றேன். நீர் சொன்னதையே போடுகிறேன் என்று அவள் உடனே ஒத்துக்கொண்டாள். மத்தியானத்துக்குப் பிறகு வந்து பார்த்தேன். பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டியிருந்தார்கள்: கடலின் கண்ணீர் என் சேலையில் விரைவாகவே காய்ந்துவிடுகிறது.

நான் வீட்டுக்கு வந்தேன். எழுத்துப் பிழையென்றால் திருத்தலாம், கணக்குப் பிழையென்றால் திருத்தலாம். கடலுக்குக் கண்ணீர் விட வைக்கிற ஆளை நான் எங்கே தொட்டுத் திருத்துவது?

மச்சாள் போகும்போது சேலைகளை ஒன்றும் விடாமல் மடித்துப் பெட்டிக்குள் அடுக்கினாள். அடுத்த கண்காட்சிக்குத் தேவையாம். சாம்பல் நிறத்தை மட்டும் அம்மாவுக்கென்று விட்டாள். விமான நிலையத்துக்குப் போகும் வழியிலும் என்னைக் கட்டிப்பிடித்து, நீர் எவ்வளவு பெரிய விசயத்தை உடுத்திக்கொண்டு திரியிறீர் எண்டு உமக்கே தெரியாது மச்சாள் என்றாள். நான் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டேன்.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. அம்மாவின் குரலையும் படங்களையும் சேர்த்து மச்சாள் ஒரு காணொளி செய்து சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினாள். அம்மா அதைக் கைத்தொலைபேசியில் போட்டுப் போட்டுக் கேட்டார். பேருந்தில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்த இடம் வரும்போது தலையை ஆட்டிக்கொள்வார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு நாள் அதே இடத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு பெண்ணுக்கு நடந்த நல்லதைக் கேட்கிற முகம் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அது ஓடும்போது நான் குசினிப் பக்கம் போய்விடுவேன்.

பிரான்சில் தம்பி அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு பேசினான். அப்பா செத்துப் போகும்போது அவன் சின்னப் பிள்ளை. அப்பர் இப்பிடியெல்லாம் செய்தவரோ, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே என்று என்னிடம் கேட்டான். அம்மாவைக் கேள் என்று தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா ஓம் மோனை, ஓம் மோனை என்றுகொண்டு நின்றார்.

அந்த வருடத் தீபாவளிக்குத் தம்பியிடமிருந்து வழக்கம்போலப் பொதி வந்தது. அம்மா ஆசையாகக் கத்தரிக்கோல் எடுத்து வந்து வெட்டினார். உள்ளே இருந்தது கைத்தறி. கொழும்புக் கடையில் சொல்லி எடுப்பித்திருக்கிறான், மச்சாள்தான் கடையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். காய்ந்த இலை நிறம். இனிமேல் அம்மாவுக்குப் பிடித்ததைத்தான் அனுப்புவேன், வாயால் கேட்டதை நம்பி இத்தனை வருடம் அந்த மினுங்கல் சாமான்களை அனுப்பி மனம் நோகப் பண்ணிவிட்டேன் என்று ஒரு கடதாசித் துண்டும் வைப்பித்திருந்தான்.

அம்மா சேலையை விரிக்கவில்லை. மடிப்போடு தடவிப் பார்த்தார். கட்டை விரலால் ஓரத்தை நெருடினார்.

“சாக்கு,” என்றார்.

உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். வாயைத் திறக்காதே என்றார். பின்னேரம் தம்பி காணொளி அழைப்பில் வருவதாகச் சொல்லியிருந்தான். அம்மா முகம் கழுவி, பவுடர் பூசி, கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தச் சேலையை உடுத்தார். கொய்யகம் அடங்காமல் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. நான் குந்தியிருந்து பிடித்துவிட்டேன். திரையில் தம்பியும் பெண்சாதியும் பிள்ளைகளும் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். அம்மா கதிரையில் நிமிர்ந்திருந்து, நல்லாயிருக்கு மோனை, கொப்பர் தெரிஞ்செடுத்த மாதிரியே இருக்கு என்றார்.

அவன் மறுபடி அழத் தொடங்கினான். அம்மா சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் கழுத்தைச் சொறிந்துகொண்டு, அங்கே குளிரோ என்று அவனைக் கேட்டார்.